சேற்று நீரும் நஞ்சு நீரும்: கமக்காரர் தம் உடலைக் காக்கும் வழி



நெல்லுக்கு எரிபந்தம் வந்தால் என்ன செய்யலாம், மிளகாய்க்கு இலைச்சுருளல் வந்தால் என்ன செய்யலாம் என்று கேட்டு விவசாயப் போதனாசிரியரிடம் வருவோர் பலர். பயிரில் ஓர் இலை மஞ்சளித்தாலும் அதைப் பிடுங்கிக் கொண்டுவந்து காட்டுவார்கள். தமது கண் மஞ்சளித்த பின்னரும், இரண்டு பனடோல் மாத்திரைகளை விழுங்கிவிட்டு, களைபிடுங்கல் முடியட்டும் என்று காத்திருப்பவர்களும் இவர்களே. இத்துண்டுப் பிரசுரம் பயிரைப் பற்றியதன்று. பயிர் செய்வோரின் உடலைப் பற்றியது.

வயலிலும் தோட்டத்திலும் உங்களுக்கு நேரும் பெருங்கேடுகள் பலவும் வாய்வழி வருவனவல்ல, தோல்வழி வருவன. சேற்று நீரிலுள்ள நோய்க்கிருமி காலிலுள்ள சிறு புண்வழியே நுழைகிறது. பீடைநாசினி, நனைந்த உடுப்பின் வழியே உடலில் ஊறுகிறது. பாம்பின் பல் பெரும்பாலும் வெறுங்காலிலேயே படுகிறது. ஆதலால் நீங்கள் செய்யவேண்டியவை இரண்டு. முதலாவது, தோலை மறைத்தல். இரண்டாவது, மறைத்தும் கேடு உட்புகுந்துவிட்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் சென்று, எங்கே என்ன வேலை செய்தீர்கள் என்பதை வைத்தியருக்குச் சொல்லுதல். இரண்டாவதைச் செய்யாமையாற் போன உயிர்கள் பல.

எலிக்காய்ச்சல்

பெயரைக் கேட்டு, இது எலி கடிப்பதால் வருங் காய்ச்சல் என்று எண்ணுவோர் உளர். அது சரியன்று. எலியைக் கண்ணாற் காணாதவருக்கும் இது வரும். லெப்ரோசுபைரா என்னும், திருகு போன்ற வடிவுடைய நுண்ணிய கிருமியே இதற்குக் காரணம். இக்கிருமி எலியின் சிறுநீரகத்தில் தங்கி வாழும். எலிக்கு அதனாற் பெருந் துன்பமில்லை. எலியின் சிறுநீரோடு வெளியேறிய கிருமி, வரப்போரச் சேற்றிலும் தேங்கிய நீரிலும் பல நாட்களுக்கு, ஈரமும் இளஞ்சூடும் வாய்த்தாற் பல வாரங்களுக்குங்கூட, உயிரோடிருக்கும். மாடு, எருமை, பன்றி, நாய் ஆகியனவும் இதைச் சுமக்கக்கூடும். அச்சேற்றில் நீங்கள் இறங்கும்போது, மண்வெட்டி பட்ட கீறல், நெல்லிலை அறுத்த கோடு, குதிக்காலில் பித்தவெடிப்பு, நெடுநேரம் நீரில் ஊறி வெளிறிய தோல் ஆகியவற்றின் வழியாக அது உட்புகும். சேற்றுக்கையாற் கண்ணைத் துடைத்தாலும், வாய்க்கால் நீரில் வாய் கொப்புளித்தாலும் உட்புகும்.

2008ஆம் ஆண்டில் இந்நாட்டில் 7,400 பேர் வரையில் இந்நோயுற்றதாக அறிவிக்கப்பட்டது. அவர்களுள் 200 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். 2024 நவம்பர் இறுதியிற் பெய்த பெருமழையின் வெள்ளம் வடிந்த பின்னர், டிசெம்பர் மாதத்தில் யாழ்ப்பாணத்திற் காய்ச்சலுற்ற சிலர் அடுத்தடுத்து இறந்தனர். முதலில் இது இன்ன காய்ச்சலென்று மக்களுக்குத் தெரியவில்லை. பரிசோதனையின் பின்னரே எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. இது தெற்கிலுள்ள ஈரவலயத்து நோய், நமது வரண்ட நிலத்தில் இதற்கு இடமில்லை என்றிருந்த எண்ணம் அத்துடனே நீங்கியிருத்தல் வேண்டும்.

கிருமி உட்புகுந்த உடனே காய்ச்சல் வராது. பெரும்பாலும் ஐந்து தொடக்கம் பதினான்கு நாட்கள் செல்லும். சிலருக்கு ஒரு மாதம் வரையுஞ் செல்லலாம். இந்த இடைவெளிதான் உங்களை ஏமாற்றுவது. வரப்புக் கட்டியது போன கிழமை, காய்ச்சல் வந்தது இந்தக் கிழமை; இரண்டுக்குந் தொடர்பு உண்டென்று எவருக்குந் தோன்றுவதில்லை. காய்ச்சல் திடீரெனக் கடுமையாய் வரும். தலையிடி இருக்கும். கெண்டைக்காலிலும் இடுப்பிலும் தசைநோவு மிகும்; கெண்டைக்காலை அழுத்தினாற் பொறுக்கமுடியாத வலி தோன்றும். கண்கள் சிவக்கும். இந்த அளவில் வைத்தியசாலைக்குச் சென்றால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் நோயை இலகுவில் மாற்றலாம். பின்னர் சிறுநீர் குறைதல், கண்ணும் சிறுநீரும் மஞ்சளாதல், மூச்சு முட்டுதல், சளியோடு இரத்தம் வருதல் ஆகியன தோன்றினால் சிறுநீரகமும் ஈரலும் நுரையீரலும் தாக்கப்பட்டுவிட்டன என்று கொள்க. அந்நிலைக்கு வந்தபின் காப்பாற்றுதல் கடினம்.

சேற்றில் இறங்கிய எவருக்கும் ஒரு மாதத்துள் காய்ச்சல் வந்தால் மூன்றாம் நாள் வரை பார்த்திருத்தல் வேண்டாம். பரிசோதனைக்குச் செல்லும்வரை பரசிற்றமோல் எடுப்பதிற் பிழையில்லை; ஆனால் அஸ்பிரின், டைக்குளோபெனக், இபூபுரொபன் முதலிய நோவுமருந்துகளைக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள். அவை டெங்குக் காய்ச்சலில் இரத்தப்போக்கையும், எலிக்காய்ச்சலிற் சிறுநீரகக் கேட்டையும் மிகுவிக்கும். வைத்தியர் முன் அமர்ந்தவுடன், “ஐயா, பத்து நாட்களுக்கு முன்னர் நான் வயலில் இறங்கி வேலை செய்தேன்” என்று முதலிலே சொல்லுங்கள். வைத்தியர் கேட்பாரென்று காத்திராதீர்கள். மழைகாலத்திற் காய்ச்சலோடு வருவோர் நூற்றுக்கணக்கானோர். அவர்களுள் நீங்கள் யாரென்று உங்கள் உடுப்பைப் பார்த்து அவர் அறியமாட்டார். வைத்தியசாலைக்குப் போகும்போது எல்லோரும் வெள்ளை வேட்டியும் சுத்தமான சேலையும் உடுத்துத்தானே போகிறோம்!

இனித் தடுக்கும் வழி. முழங்காலளவு றப்பர்ச் சப்பாத்து அணியுங்கள் என்று எழுதிவிடுதல் எளிது. நாற்று நடுஞ் சேற்றில் ஒவ்வோர் அடிக்கும் அது கழன்று நின்றுவிடும் என்பதை நட்டவர் அறிவர். ஆகவே செய்யமுடியாததைச் சொல்லாமல் இவ்வாறு பிரித்துச் சொல்வோம். வரப்பு வெட்டல், வாய்க்கால் துப்புரவாக்கல், பசளை வீசல், அறுவடை ஆகிய வேலைகளுக்குச் சப்பாத்தை அணியலாம், அணிதல் வேண்டும். சேறடித்தல், நாற்று நடுதல் ஆகிய வேலைகளுக்கு அணிய முடியாவிடின், இறங்குமுன் காலையுங் கையையும் பாருங்கள். கீறலோ புண்ணோ இருந்தால் நீர்புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். பெரிய புண்ணுள்ளவருக்கு அன்றைக்கு மேட்டுவேலை கொடுங்கள். கரையேறியதும் வாய்க்கால் நீரிலன்றி, கிணற்று நீரிலோ குழாய் நீரிலோ சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். நீரிழிவு நோயுள்ளவர்கள் இதில் இருமடங்கு கவனமாயிருத்தல் நன்று. சேற்றில் வாழும் வேறு கிருமிகளும் அவர்களைத் தாக்குவதுண்டு.

இவற்றோடு மாத்திரையும் உண்டு. டொக்சிசைக்கிளின் என்னும் மருந்தை வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, வயலில் இறங்குங் காலமெல்லாம் எடுத்துவரின் நோய் வருதல் குறையும். வந்தாலும் கடுமை குறையலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் இதை இலவசமாகப் பெறலாம். வேலை தொடங்கிய பின் ஓடாமல், விதைப்புக்கு முன்னரே சென்று கேளுங்கள். சாப்பிட்ட பின்னர் ஒரு பெரிய குவளை நீருடன் விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காமலிருங்கள். அல்லாவிடில் மாத்திரை தொண்டைக்குக் கீழே தங்கிப் புண்ணாக்கும். பாலுடனோ இரும்புச்சத்து மாத்திரையுடனோ சேர்த்து எடுத்தல் ஆகாது. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், சிறுவர்களும், இம்மருந்து ஒவ்வாதவர்களும் அதனைப் பரிசோதகருக்குத் தெரிவித்தல் வேண்டும். இவர்களுக்கு இம்மருந்து ஏற்றதன்று. மாத்திரை எடுத்து வந்தாலும் காய்ச்சல் கண்டால் வைத்தியசாலைக்குச் செல்லவே வேண்டும்.

எலியைக் குறைத்தல் ஒருவர் தனித்துச் செய்யக்கூடியதன்று. ஒரு வயல்வெளியிலுள்ளோர் யாவரும் ஒரே கிழமையில், நிலம் பண்படுத்துமுன், வரப்புப் புல்லைச் செதுக்கி வளைகளை வெட்டி மூடல் வேண்டும். ஒருவர் மட்டுஞ் செய்தால் எலி அடுத்தவர் வரப்புக்குக் குடிபெயரும், அவ்வளவே. சோற்றுப் பொதியின் மிச்சத்தை வரப்பில் எறியாதீர்கள். எலிக்கும் பன்றிக்குமென்று வயலில் மின்கம்பி இழுப்போரும் சிலர் இருக்கின்றனர். அது சட்டத்துக்கு மாறானது. இருட்டில் நீர் கட்ட வந்த மனிதரை அது கொன்றுள்ளது. இதற்கு மேல் அதைப்பற்றி எழுதத் தேவையில்லை.

பீடைநாசினி

மருந்து அடித்தல் என்று நாம் சொல்கிறோம். ‘மருந்து’ என்னும் இச்சொல்லே பாதிக் கேட்டுக்குக் காரணமென்பது எமது எண்ணம். போத்தலில் உள்ளது நஞ்சு.

பலர் மூக்கையும் வாயையும் ஒரு துவாயாற் கட்டிக்கொண்டு, வெறும் மேலோடும் மடித்துக் கட்டிய சாரத்தோடும் தெளிக்கின்றனர். மூச்சுவழி போவதையே அஞ்சுகின்றனர். ஆனால் வெளியிலே தெளிக்கும்போது உடலிற் சேரும் நஞ்சின் பெரும்பகுதி தோல்வழியே சேர்கிறது. தோலும் எல்லா இடத்திலும் ஒரே தன்மையதன்று. பரத்தியோன் என்னும் பீடைநாசினியைக் கொண்டு மனிதரிடத்து நடத்தப்பட்டு 1971இல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. முன்கைத் தோல் உறிஞ்சும் அளவை ஒன்று என்று கொண்டால், வயிற்றுத் தோல் இரண்டு மடங்கும், நெற்றி நான்கு மடங்கும், அக்குள் ஏழு மடங்கும், ஆண்களின் விதைப்பைத் தோல் ஏறத்தாழப் பன்னிரண்டு மடங்கும் உறிஞ்சின. இப்போது உங்கள் முதுகிலுள்ள தெளிகருவியை நினைத்துப் பாருங்கள். மூடி இறுகாமையால் ஒழுகும் நீர் முதுகு வழியே இறங்கி, சாரத்தின் இடுப்புக் கட்டில் ஊறி, எங்கே சென்று தங்குகிறது? உடலில் மிகுதியாக உறிஞ்சும் இடத்திலேயே.

ஆதலால் முதல் வேலை, ஒழுகாத தெளிகருவி. வெறும் நீரை நிரப்பி, முதுகிலே தூக்கிப் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். மூடியின் றப்பர் வளையம், குழாய்ப் பூட்டு, கைப்பிடித் திறப்பு ஆகிய மூன்று இடங்களிலேதான் பெரும்பாலும் ஒழுக்கு இருக்கும். வளையத்தின் விலை சிறிது; வாங்கி மாற்றுங்கள். ஒழுகுந் தெளிகருவியைச் சாக்குத் துண்டாற் சுற்றிக்கொண்டு அடிப்பவரை நாம் கண்டிருக்கிறோம். சாக்கு நஞ்சை உறிஞ்சி நாள் முழுதும் முதுகிலே வைத்திருக்கும். வெறும் முதுகிலும் அது கேடு.

இரண்டாவது, கலக்கும் வேளை. 10 லீற்றர் நீருக்கு 20 மில்லிலீற்றர் கலக்கும் நஞ்சொன்றை எடுத்துக்கொள்வோம். போத்தலிலுள்ள ஒரு துளி, கலந்த நீரின் 500 துளிகளுக்குச் சமன். தோட்டம் முழுதும் தெளிக்கும்போது படுவதிலும் மிகுதி, கலக்கும்போது கையிற் சிந்தும் ஒரு தேக்கரண்டியாற் படலாம். எனவே வேறு எந்தப் பாதுகாப்பும் இல்லாதவராயினும் கலக்கும்போது நீளமான றப்பர்க் கையுறை அணிந்தே தீரவேண்டும். துணிக் கையுறை ஆகாது. கையை விட்டுக் கலக்காமல் தடியாற் கலக்குங்கள். மூடியைப் பல்லாற் கடித்துத் திறக்காதீர்கள்.

தெளிக்கும்போது நீண்ட கைச்சட்டையும், நீண்ட காற்சட்டையும், தொப்பியும், சப்பாத்தும் அணியுங்கள். காற்சட்டைக் காலைச் சப்பாத்துக்கு வெளியே விடுங்கள்; உள்ளே செருகினால் வழியும் நஞ்சு சப்பாத்துக்குள் நிறையும். வெயிலில் இவ்வளவையும் அணிந்து எவ்வாறு நிற்பது என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. உச்சி வெயிலில் தெளிக்காமல், காலையில் ஏழு மணிக்கு முன்னரோ மாலையில் வெயில் தாழ்ந்த பின்னரோ தெளிப்பதே இதற்கு விடை. வெயிலில் வியர்த்த தோல் நஞ்சை மேலும் விரைவாக ஏற்கும். காற்று உங்கள் பக்கமிருந்து பயிரை நோக்கி வீசுமாறு நில்லுங்கள். தெளித்த பயிருக்குள் நடந்து செல்லாமல், தெளிக்காத பக்கமாகப் பின்வாங்கி வாருங்கள். முனை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதாதீர்கள். மெல்லிய புற்றண்டாற் குத்தி நீராற் கழுவலாம்; வேறொரு முனையைச் சட்டைப்பையில் வைத்திருந்தால் இன்னும் நல்லது. இடையிலே வெற்றிலை போடுதல், சுருட்டுப் பற்றவைத்தல் ஆகியன வேண்டாம்.

வேலை முடிந்ததும் தெளிகருவியைக் கிணற்றடியிற் கழுவும் வழக்கம் பல தோட்டங்களில் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலே தங்குவது. கிணற்றடியில் ஊற்றியது கிணற்றுக்குள்ளேயே இறங்கும். உங்கள் கிணற்றோடு நில்லாது அயலவர் கிணற்றையும் அடையும். ஆதலின் கழுவிய நீரைக் கிணற்றுக்கு எட்டத்தே, அதே பயிர்நிலத்தில் ஊற்றுங்கள். வெறும் போத்தலை மூன்று முறை நீர்விட்டு அலசி, அந்நீரைத் தெளிகருவியிலே சேர்த்து, போத்தலைக் குத்திப் பழுதாக்குங்கள். மண்ணெண்ணெய்க்கும் தேங்காயெண்ணெய்க்கும் அதைப் பயன்படுத்தாதீர்கள். அவ்வாறே மிஞ்சிய நஞ்சைச் சோடாப் போத்தலில் ஊற்றி வையாதீர்கள். தாகத்தோடு வரும் பிள்ளைக்கு வாசிக்கத் தெரிந்திருந்தாலும் வாசிக்க அங்கே சுட்டி இராது. நஞ்சு படிந்த உடுப்பை வீட்டாரின் துணிகளோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள். அதைத் துவைப்பவர் பெரும்பாலும் உங்கள் மனைவி. அவரும் கையுறை அணிதல் வேண்டும்.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பதிவு செய்யப்படாத பீடைநாசினியை இந்நாட்டில் விற்றல் குற்றம். மொனோக்குரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகியன 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் தடைசெய்யப்பட்டன. பராகுவாற்றும் பின்னர் படிப்படியாக நிறுத்தப்பட்டது. ஆயினும் கடல்வழியாகக் கள்ளத்தனமாக வரும் போத்தல்கள் கைமாறுகின்றன. மலிவாகவும் ‘நல்ல வேகமாகவும்’ இருக்குமென்று சொல்வார்கள். பதிவிலக்கமில்லாத போத்தலில் என்ன உள்ளது என்பதை விற்பவரும் அறியார். உங்களுக்கு மயக்கம் வந்தால் எதற்கு மாற்றுமருந்து கொடுப்பதென வைத்தியரும் அறியார். இவ்வொரு காரணத்துக்காகவே அதை வாங்காதிருத்தல் வேண்டும்.

தெளிக்கும்போதோ அன்றிரவோ தலையிடி, மிகுந்த வியர்வை, வாயில் நீரூறல், கண் மங்கல், வாந்தி, தசைத் துடிப்பு, நெஞ்சு இறுக்கம் ஆகியன தோன்றினால் அது வெயிற்களைப்பு என்று படுத்துவிடாதீர்கள். ஒகனோபொசுபேற்று, காபமேற்று வகை நஞ்சுகள் இவ்வாறே தாக்கும். உதவுபவர் முதலிற் கையுறையோ பொலித்தீன் பையோ கையில் மாட்டிக்கொண்டு, நோயாளியை அவ்விடத்தை விட்டு அகற்றி, உடுப்பு முழுவதையுங் களைந்து, தலைமயிர் உட்பட உடலைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவல் வேண்டும். கண்ணிற் பட்டிருந்தால் ஓடும் நீரிற் பதினைந்து நிமிடங் கழுவுக. வாய்வழி சென்றிருந்தாலும் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். உப்புநீரும் பாலும் கொடுக்காதீர்கள். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் ‘சுவசெரிய’ நோயாளர் காவு வண்டி கட்டணமின்றி வரும். போத்தலை அல்லது அதன் சுட்டியைக் கட்டாயம் உடன் கொண்டுசெல்லுங்கள்.

பாம்புக்கடியும் இயந்திரங்களும்

அறுவடைக் காலத்தில் எலியைத் தேடி வயலுக்கு வருவது கண்ணாடி விரியன். சில ஊர்களிற் புடையன் என்பர். அது பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலுமே கடிக்கும். எலிக்காய்ச்சலுக்கென்று வாங்கிய அதே சப்பாத்து இதற்கும் காவல். இரவிற் காவற்குடிலில் வெறுநிலத்திற் படுத்துறங்குவோரைக் கடிப்பது கட்டுவிரியன். அதன் கடியில் வலியும் வீக்கமும் பெரிதாயிராது. விடியற்காலையில் கண்ணிமை திறக்கமுடியாமற்போன பின்னரே தெரியவரும். குடிலிற் பரண் கட்டி, நுளம்புவலையின் ஓரங்களைப் பாயின் கீழே செருகிப் படுப்பது நன்று. கடித்தால் கயிற்றாற் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட உறுப்பை ஆட்டாமல், நடக்கவிடாமல், அரசினர் வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்லுங்கள். விடமுறி மருந்து அங்கே இலவசம். பாம்பை அடித்துக் கொண்டுசெல்லத் தேவையில்லை. கடித்த நேரத்தையும் இடத்தையும் சொன்னாற் போதும்.

இருசில்லு உழவு இயந்திரத்திலும் சூடடிக்கும் இயந்திரத்திலும் வேலை செய்வோர் தொங்கும் துவாயையும் சாரத்தின் முந்தியையும் செருகிக்கொள்ளுங்கள். பெண்கள் கூந்தலை முடிந்து மூடல் வேண்டும். வைக்கோல் சிக்கினால் இயந்திரத்தை நிறுத்தாமற் கையை விடாதீர்கள்.

கூலிக்கு ஆள் பிடிப்போருக்கு

இதை வாசிப்போருள் பலர் வயலுடையோர். உங்கள் சேற்றில் இறங்குவோர் வேறு சிலர். அவர்களுட் பெரும்பாலோர் நாற்று நடவும் களைபிடுங்கவும் வரும் பெண்கள். நாட்கூலிக்கு வரும் ஒருவர் காலிற் புண்ணென்று சொன்னால் அன்றைய கூலி போய்விடுமென்று சொல்லாமலே இறங்குவார். காய்ச்சல் வரும்போது அவர் வேறொருவர் வயலில் நிற்பார். ஆதலால் வரப்பிலே ஒரு வாளி நல்ல நீரும், சவர்க்காரமும், பிளாஸ்டரும், குடிக்கக் கொதித்தாறிய நீரும் வைப்பது வயலுடையோர் பொறுப்பு. அதற்கு முன்தினம் தெளித்த தோட்டத்துக்குள் ஆட்களை அனுப்பாதீர்கள். எத்தனை நாள் கழித்து நுழையலாம், எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதைச் சுட்டியில் வாசித்து, வாசிக்க இயலாதவருக்குச் சொல்லுங்கள். விதைப்புக்கு முன்னர் மாத்திரை பெறப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் செல்லும் நாளில், அப்போகத்துக்கு உங்களிடம் வேலைக்கு வருவோரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்த அரைநாட் கூலியையும் அவர்களுக்குக் கொடுங்கள்.